எலுமிச்சை காட்டிக்கொடுத்த பச்சை: உண்கலங்களுக்குக் கிளேஸ் தேர்ந்தெடுத்த பதிவு

சென்ற ஆண்டு நான் வனைந்து கொடுத்த இரண்டு கிண்ணங்களில் ஒன்றை என் அக்கா ஒரு மாலையில் திருப்பி எடுத்துவந்தார். உட்புறத்தில், அடியிலிருந்து சற்று மேலே, வட்டமாக ஓரிடத்தில் பச்சை நிறம் வெளுத்திருந்தது. "ராத்திரி எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்திருந்தேன், காலையில் பார்த்தால் இப்படி இருக்கிறது, தேய்த்தும் போகவில்லை, நீயே பார்" என்றார். கறையாக இருந்தால் தேய்த்துப் போக்கியிருக்கலாம். அந்த இடத்தில் புதிதாக எதுவும் படிந்திருக்கவில்லை. இருந்த நிறம்தான் கிளம்பிப் போயிருந்தது. அது பழச்சாற்றுக்குள் போனதைத் தவிர வேறெங்கும் போயிருக்க முடியாது என்பதை உணர்ந்ததும், மற்றக் கிண்ணத்தையும் அன்றே வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த 8 மாதங்கள் உண்கலங்களுக்குள் பூசத் தகுந்த கிளேஸை, அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் பூச்சை, தேடுவதிலேயே கழிந்தன. அதில் செய்தவற்றையும் கண்டவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தப் பச்சையை நான் ஒரு பழைய குறிப்பிலிருந்து எடுத்திருந்தேன். குறிப்பின் ஓரத்தில் "உணவுக்குப் பாதுகாப்பானது" என்று யாரோ எழுதியிருந்ததை நம்பியதுதான் என் பிழை. அந்தச் சொல்லை எழுதியவர் எந்த மண்ணில் பூசினார், எவ்வளவு தடிப்பாகப் பூசினார், சூளையை எவ்வளவு சூட்டுக்கு எடுத்துச் சென்றார் என்பதெல்லாம் அந்தத் தாளில் இல்லை. இவற்றில் ஒன்று மாறினாலும் கிடைக்கும் கண்ணாடி வேறாகிவிடும். கடையில் வாங்கும் புட்டிகளில் "ஈயம் இல்லாதது" என்றோ "நச்சற்றது" என்றோ இருப்பதையும் நான் முன்பு தவறாகவே படித்துவந்தேன். ஈயம் இல்லை என்பதால் வேறு உலோகம் கசியாது என்று ஆகிவிடாது. நச்சற்றது என்பது பெரும்பாலும் ஈரக் குழம்பைக் கையாளுபவரின் நலனைப் பற்றிய சொல். உண்கலத்துக்கு ஏற்றது என்று தனியாகக் குறிக்கப்பட்ட புட்டிகூட, அதில் சொல்லப்பட்ட சூட்டுக்குச் சுட்டால் மட்டுமே அந்த உறுதியைத் தருகிறது.

கிளேஸ் என்பது மட்கலத்தின் மேல் உருகிப் படிந்த கண்ணாடி. சிலிக்கா அதன் உடல். தனியாக உருக அதற்கு 1700 செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும் என்பதால், கால்சியம், சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், போரான் போன்றவற்றின் ஆக்சைடுகளைச் சேர்த்து நம் சூளையின் சூட்டுக்குள் உருக வைக்கிறோம், இவை இளக்கிகள். உருகிய குழம்பு சுவரில் வழிந்துவிடாமல் பிடித்துவைப்பதும், ஆறியபின் அதற்கு உறுதியைக் கூட்டுவதும் அலுமினா. சிலிக்காவும் அலுமினாவும் போதுமான அளவில் இருந்து, எல்லாம் முழுமையாக உருகியிருந்தால், கண்ணாடியின் பின்னல் இறுக்கமாக அமைந்து, உள்ளே இருக்கும் அயனிகள் அமிலத்துக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. இளக்கி மிகுந்து சிலிக்கா குறைந்த கண்ணாடி பார்வைக்கு எத்தனை பளபளப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் தளர்ந்தது. அக்காவின் கிண்ணத்தில் நடந்தது இதுதான் என்று சந்தேகித்தேன். ஆனால் சந்தேகத்தை வைத்து எதையும் மாற்றுவதில்லை என்ற முடிவோடு சோதனைகளைத் தொடங்கினேன்.

முதலில் அதே பச்சையைப் பூசிய 6 சோதனை ஓடுகளைச் சுட்டேன். ஒன்றை அப்படியே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, ஒன்றின் மேல் எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு வைத்தேன். இரண்டைப் பாதியளவு வினிகரில் அமிழ்ந்திருக்கும்படி கண்ணாடிக் குவளைகளில் நிறுத்தி, ஒன்றை 24 மணி நேரத்திலும் மற்றதை 3 நாளிலும் எடுத்தேன். ஆய்வகங்களில் பின்பற்றும் முறையில் 4 சதவீத அசெட்டிக் அமிலக் கரைசலை அறை வெப்பநிலையில் 24 மணி நேரம் கலத்தில் ஊற்றி வைத்து, அதில் கசிந்த உலோகத்தை அளக்கிறார்கள். வீட்டு வினிகரின் வலிமையும் ஏறத்தாழ அதே என்பதால், அளவு தெரியாவிட்டாலும் போக்கு தெரியும். இன்னும் இரண்டு ஓடுகளை, லிட்டருக்கு 50 கிராம் சலவைச் சோடா கரைத்த நீரில் 6 மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரத்தை ஆண்டுக்கணக்கில் தாங்குமா என்பதற்கு இது ஓர் அடையாளம். அமிலத்தில் தப்பிய சில கிளேஸ்கள் காரத்தில் மங்கிவிடுவதைப் பின்னர் கண்டேன். ஆகவே இரண்டில் ஒன்றை மட்டும் செய்து நிறுத்திக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முடிவுகள் சற்றும் ஐயத்துக்கு இடமின்றி வந்தன. 24 மணி நேர ஓட்டில் நனைந்த பாதிக்கும் நனையாத பாதிக்கும் இடையே ஒரு கோடு விழுந்திருந்தது. 3 நாள் ஓட்டில் கீழ்ப்பாதி பால் கலந்ததுபோல் வெளுத்து, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருந்தது. வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தபோது குவளையிலிருந்த வினிகரில் மெல்லிய நீலச்சாயல் தெரிந்தது. அந்த நீலம் செம்பு. அதை நான் அக்காவுக்குக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. குவளையை வாங்கி வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார்.

அதன்பின் குறிப்பைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஜெர்மானிய வேதியியலர் ஹெர்மன் ஸேகர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வகுத்த முறையில், இளக்கிகள் எல்லாவற்றின் மூலக்கூறு எண்ணிக்கையையும் கூட்டி 1 என்று கொண்டு, அதற்கு எத்தனை மடங்கு சிலிக்காவும் அலுமினாவும் இருக்கின்றன என்று பார்ப்பார்கள். எடை விகிதத்தில் ஒளிந்துகொள்ளும் உண்மை இந்தக் கணக்கில் வெளிப்பட்டுவிடும். என் பச்சையில் சிலிக்கா 1.9, அலுமினா 0.2, அதன்மேல் 6 சதவீதம் காப்பர் கார்பனேட். சூட்டை அறியச் சூளைக்குள் நிறுத்தும் எண்ணிட்ட சிறு மண்கூம்புகளில் 6ஆம் எண் கூம்பு வளையும் சூட்டில் சுடும் நீடித்த கிளேஸுக்குச் சிலிக்கா 2.5க்குக் குறையாமலும் அலுமினா 0.25க்குக் குறையாமலும் இருப்பது நல்லது என்பதைப் பல மண்கலைஞர்கள் வழிகாட்டியாகக் கொள்கிறார்கள். சோடியமும் பொட்டாசியமும் இளக்கிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமலிருப்பதும் நல்லது. என் குறிப்பு இவை அனைத்திலும் பின்தங்கியிருந்தது. தளர்ந்த கண்ணாடிக்குள் அளவுக்கு மீறிய செம்பைத் திணித்து, அதில் சாப்பிடக் கொடுத்திருக்கிறேன்.

எந்தெந்தப் பொருள்களைப் பட்டறையை விட்டே விலக்குவது என்பதை முடிவு செய்ய எனக்கு நெடுநேரம் ஆகவில்லை. ஈயம் முதலில் போயிற்று. தாழ்ந்த சூட்டில் அழகாக உருகி, குறைகளை மூடி, ஆழ்ந்த பளபளப்பைத் தரும் பொருள் அது என்பதால்தான் பல நூற்றாண்டுகள் அதைக் கைவிட மனம் வரவில்லை. 1970ஆம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரியல் நகரில், ஈயக் கிளேஸ் பூசிய மண்சாடியில் வைத்த ஆப்பிள் சாற்றைக் குடித்த சிறு குழந்தை இறந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கையால் செய்த ஒரு சாடியும் ஒரு சாதாரணப் பழச்சாறும் மட்டுமே அங்கே இருந்தன. ஈயக் கிளேஸில் பச்சைக்காகச் செம்பைச் சேர்த்தால் ஈயக் கசிவு பன்மடங்கு கூடும் என்பதும் தெரிந்த உண்மை. சிவப்பையும் ஆரஞ்சையும் தரும் காட்மியம், சிர்கோன் படிகத்துக்குள் அடைக்கப்பட்ட சாயமாக இன்று கிடைக்கிறது; சொன்ன சூட்டுக்குள் சுட்டால் அது அடங்கியிருக்கும் என்றாலும், உணவு படும் பக்கத்துக்கு அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பட்டுப்போன்ற மங்கல் நீலங்களுக்கு உதவும் பேரியம் கார்பனேட்டையும் விலக்கினேன். மாங்கனீசு டை ஆக்சைடு கிளேஸிலிருந்து கசிவது ஒருபுறம் இருக்க, சூளை சுடும்போது எழும் அதன் புகை நரம்பைத் தாக்கக்கூடியது. சிலிக்காத் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் எடை போடும்போதும் கலக்கும்போதும் துகள் வடிகட்டும் முகமூடியை அணிகிறேன். மேசையைத் துடைப்பம் கொண்டு பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறேன்.

சட்ட வரம்புகளைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நானே அதில் ஏமாந்திருந்தேன். ஐரோப்பியச் சமூகத்தின் 1984ஆம் ஆண்டு ஆணை, நிரப்பக்கூடிய கலங்களிலிருந்து கசியும் ஈயத்துக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமும் காட்மியத்துக்கு 0.3 மில்லிகிராமும் என வரம்பு வைத்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கோப்பைகளில் ஈயத்துக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்ற கடுமையான அளவை வைத்திருக்கிறது. இரண்டும் பேசுவது ஈயம், காட்மியம் ஆகியவற்றை மட்டுமே. செம்பு, பேரியம், மாங்கனீசு, கோபால்ட், குரோமியம் எவ்வளவு கசிந்தாலும் அந்தச் சோதனையில் ஒரு கலம் தேறிவிடும். "சோதனையில் தேறியது" என்ற சொல்லைக் கேட்டால், எந்த உலோகத்துக்கான சோதனை என்று கேட்பது இப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது.

புதிய அடிப்படையாக நான் தேர்ந்தெடுத்தது மண்கலைஞர்கள் பலகாலமாகப் பயன்படுத்திவரும் ஒரு கலவை. பொட்டாசியம் தரும் கனிமமான பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார், 3134 எண் போரான் ஃபிரிட் (முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடி), கால்சியம் தரும் கனிமமான வொல்லாஸ்டனைட், வெண்களிமண்ணான கயோலின், சிலிக்கா ஆகிய ஐந்தும் ஒவ்வொன்றும் 20 பங்கு. மனத்தில் நிற்கும் எளிமைக்காக நான் இதை எடுக்கவில்லை. கணக்குப் போட்டபோது இளக்கி 1க்குச் சிலிக்கா சுமார் 3.4, அலுமினா 0.34, போரான் ஆக்சைடு 0.2 என்று வந்தது. சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து இளக்கிகளில் ஐந்தில் ஒரு பங்குதான், மீதி கால்சியம். சிலிக்காவுக்கும் அலுமினாவுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 10க்கு 1 என்பதால் பளபளப்பாகவே ஆறும். இதை நீரில் கலக்கி, 80 கண் சல்லடையில் இருமுறை வடித்து, ஒப்படர்த்தி 1.45 வரும்வரை நீரைச் சரிசெய்து, சுமார் 1000 செல்சியஸில் முதற்சூடு கண்ட ஓடுகளை மூன்று விநாடி தோய்த்தெடுத்தேன்.

மங்கலான கிளேஸ்களை விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. அலுமினா மிகுதியாலோ, ஆறும்போது நுண்படிகங்கள் வளர்வதாலோ வரும் மங்கல் உறுதியானதாக இருக்கலாம். சூடு போதாமல் பாதி உருகி நிற்பதால் வரும் மங்கல் உறுதியற்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதே ஓட்டை ஒரு கூம்பு எண் கூடுதலாகச் சுட்டுப் பார்த்து, அது பளபளப்பாக மாறிவிட்டால், முன்பு இருந்தது உருகாத மங்கல் என்று தெரிந்துகொள்ளலாம். மங்கல் பரப்பில் கரண்டியும் கத்தியும் சாம்பல் கோடுகளை விட்டுச் செல்வதும் உண்டு. உணவு படும் பக்கத்துக்குப் பளபளப்பையே நான் வைத்துக்கொண்டேன்.

அடுத்ததாகச் சூளை எனக்கு ஒரு பாடம் வைத்திருந்தது. 6ஆம் எண் கூம்பு, கடைசிக் கட்டத்தில் மணிக்கு 60 செல்சியஸ் ஏறும் சூட்டில் 1222 செல்சியஸில் வளையும். என் சூளையின் திரை அந்த எண்ணைக் காட்டியதும் வேலை முடிந்தது என்றே அதுவரை நினைத்திருந்தேன். இம்முறை மூன்று தட்டுகளிலும் 5, 6, 7 எண் கூம்புகளை நிறுத்திவைத்துச் சுட்டேன். நடுத்தட்டில் 6 சரியாக வளைந்திருந்தது. அடித்தட்டில் அதே 6 தலையை மட்டும் லேசாகச் சாய்த்து நின்றது. அந்த அடித்தட்டிலிருந்து எடுத்த ஓடும் நடுத்தட்டு ஓடும் கையில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். வினிகரில் 3 நாள் இருந்தபின் அடித்தட்டு ஓடு மட்டும் பளபளப்பை இழந்திருந்தது. கூம்பு காட்டுவது சூட்டின் உச்சத்தையும் அது நின்ற நேரத்தையும் சேர்த்த விளைவு என்பதால், இப்போது உச்சத்தில் 15 நிமிடம் நிறுத்துகிறேன். அடித்தட்டில் உண்கலங்களை வைப்பதில்லை. அங்கே பூந்தொட்டிகளும் வெளிப்பூச்சு ஓடுகளும் போகின்றன.

அமிலமும் காரமும் இதோடு அடங்கின. ஆனால் ஒரு வாரம் கழித்து நடுத்தட்டுக் கிண்ணத்தை விளக்கொளியில் திருப்பியபோது, மயிரிழை விரிசல்கள் வலைபோலப் படர்ந்திருந்தன. கறுப்பு மையைத் தடவித் துடைத்ததும் முழு வலையும் தெரிந்தது. ஆறும்போது மண்ணைவிடக் கிளேஸ் அதிகமாகச் சுருங்க முயன்றால், இழுவிசை தாங்காமல் இப்படி வெடிக்கும். சூளையிலிருந்து எடுக்கும் நாளில் தெரியாமல் வாரங்கள், மாதங்கள் கழித்துத் தெரிவதுதான் இதன் தொல்லை. விரிசல் வழியே நீரும் எண்ணெயும் கலத்தின் மண்ணுடலுக்குள் இறங்கும், கலத்தின் வலிமையும் குறையும். உடல் முழுதும் கெட்டிப்பட்டிருந்தால் பாதிப்பு சிறிது; நீரை உறிஞ்சும் உடலாக இருந்தால் கலம் நாளடைவில் உள்ளிருந்து அழுக்காகும்.

உடலைச் சோதிக்க, கிளேஸ் பூசாமல் சுட்ட ஒரு வில்லையை உலர்த்தி எடைபோட்டேன்: 212 கிராம். 5 மணி நேரம் நீரில் கொதிக்கவிட்டு, அப்படியே மறுநாள்வரை ஊறவிட்டு, மேல்நீரை ஒற்றி எடுத்து மீண்டும் எடைபோட்டபோது 218.4 கிராம். அதாவது 3 சதவீதம் நீரை அது குடித்திருந்தது. மண் மூட்டையில் அச்சிட்டிருந்த சூட்டு வரம்பு மிக அகலமானது. கீழெல்லையில் சுட்டால் அந்த மண் முதிராது என்பது மூட்டையைப் பார்த்தால் தெரியாது, தராசில்தான் தெரியும். 6ஆம் எண் கூம்புக்கென்றே அமைந்த வேறொரு ஸ்டோன்வேர் மண்ணை (உயர் சூட்டில் கல்போல் கெட்டிப்படும் களிமண்ணை) எடுத்து அதே சோதனையைச் செய்ததில் 205 கிராம் 206.6 ஆயிற்று, 0.8 சதவீதம். அன்றிலிருந்து உண்கலத்துக்கு அந்த மண்தான்.

மண்ணை மாற்றியதும் விரிசல் குறைந்தது, முற்றிலும் நீங்கவில்லை. சிலிக்காவை 5 பங்கு கூட்டினேன்; வலையின் கண்கள் பெரிதாயின, அதாவது இழுவிசை தளர்ந்திருந்தது. பிறகு வொல்லாஸ்டனைட்டில் 6 பங்கைக் குறைத்து அந்த இடத்தில் டால்க்கைச் சேர்த்தேன். டால்க் தரும் மெக்னீசியம், கால்சியத்தைவிடக் கண்ணாடியின் வெப்ப விரிவைக் குறைக்கும். மூன்றாவது தொகுதி ஓடுகளை உறைபெட்டியில் இரவு முழுதும் வைத்து, எடுத்தவுடன் கொதிநீரில் இட்டு, இதை ஐந்து முறை திரும்பச் செய்தேன். கறுப்பு மை தடவிப் பார்த்ததில் ஒரு கோடும் இல்லை. இந்தத் திருத்தத்தில் அளவு மீறிப் போய்விடக் கூடாது என்ற கவலையும் இருந்தது. கிளேஸின் சுருக்கம் மண்ணைவிட மிகக் குறைந்தால், விளிம்பிலும் கைப்பிடியிலும் அது செதிலாகப் பிட்டுக்கொண்டு விழும். விரிசலைவிட அது கொடியது. விழுவது கூரான கண்ணாடி, விழும் இடம் உணவு. ஒவ்வொரு ஓட்டின் விளிம்பையும் மரப்பிடியால் தட்டி, கறுப்புத் துணியின் மேல் உதிர்வு ஏதும் விழுகிறதா என்று பார்த்தபின்தான் கலவையை உறுதி செய்தேன்.

நிறத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். உட்புறத்துக்கு வெண்மை தர சிர்கோனியம் சிலிகேட் 10 சதவீதம், அல்லது தேன் நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு 3 சதவீதம். இவ்விரண்டும் வினிகரையும் சோடாவையும் எவ்வித மாற்றமும் இன்றித் தாண்டின. பச்சையை முழுவதும் துறக்க எனக்கு மனமில்லை. புதிய அடிப்படையில் காப்பர் கார்பனேட்டை 2 சதவீதமாகக் குறைத்துச் சேர்த்து, கிண்ணத்தின் வெளிப்புறத்தில் மட்டும் பூசுகிறேன்; வாய்விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் கீழே அது நின்றுவிடும், உதடு படும் இடம் வெள்ளைதான். இரண்டு பூச்சுகளும் சந்திக்கும் கோட்டில் அவை ஒன்றோடொன்று கலந்து வழிவதால், அந்தக் கோட்டை உட்புறத்துக்கு வரவிடாமல் பூசும் வரிசையை மாற்ற வேண்டியிருந்தது: முதலில் உள்ளே ஊற்றிச் சுழற்றிக் கவிழ்த்து, ஒரு நாள் உலரவிட்டு, பிறகுதான் வெளியே தோய்ப்பது. உள்ளும் புறமும் ஒரே நாளில் நனைந்தால் சுவர் ஈரம் தாங்காமல், கிளேஸ் சூட்டில் திரண்டு ஒதுங்கி வெற்றிடம் விடுகிறது.

வீட்டுச் சோதனைகள் கெட்டதைக் காட்டிக்கொடுக்கும். நல்லது என்று சான்று தரும் திறன் அவற்றுக்கு இல்லை. நிறம் மாறாமலே உலோகம் கசியக்கூடும். ஆகவே பழைய பச்சை பூசிய ஒரு கிண்ணம், புதிய வெள்ளை ஒன்று, தேன் நிறம் ஒன்று என மூன்றை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஈயம், காட்மியத்தோடு செம்பையும் அளக்கக் கேட்டேன். கேட்காவிட்டால் செம்பை அளக்க மாட்டார்கள். அறிக்கையில் மூன்றிலும் ஈயமும் காட்மியமும் கண்டறியும் எல்லைக்குக் கீழே இருந்தன. பழைய பச்சையில் செம்பு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்திருக்கும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவைப் பலமடங்கு தாண்டியிருந்தது. ஈயம், காட்மியம் மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கிண்ணம் குற்றமற்றது என்று சான்று பெற்று வந்திருக்கும். வெள்ளையிலும் தேன் நிறத்திலும் செம்பு கண்டறியப்படவில்லை.

அக்காவுக்குப் புதிய கிண்ணங்கள் இரண்டும் சென்ற மாதம் போய்ச் சேர்ந்தன. உள்ளே வெள்ளை, வெளியே அதே பச்சையின் இளைய சாயல். கிண்ணத்தின் அடியில் கலவையின் எண்ணையும் சுட்ட நாளையும் இரும்பு ஆக்சைடால் எழுதியிருக்கிறேன். அதே நாளில் அதே தட்டில் சுட்ட ஓர் ஓடு என் அலமாரியில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிண்ணத்தை அதனோடு வைத்து, பளபளப்பையும் விரிசலையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது என்று இருவரும் பேசிவைத்திருக்கிறோம்.